அடுப்பு சொல்வது என்ன?

இண்டக்ஷன் ஸ்டவ்வில் மின்னும் ‘இ’ எழுத்தும் ஓர் எண்ணும் வெறும் மிரட்டல் அல்ல. அதைப் படிக்கத் தெரிந்தால் பல பழுதுகள் சமையலறையிலேயே தீர்ந்துவிடும்.

“அண்ணே, அடுப்பு ‘பீப் பீப்’னு கத்துது. ஏதோ இங்கிலீஷ் எழுத்து வருது.”

“இ-யாக்கா? பக்கத்துல என்ன நம்பர்?”

“நம்பரைப் பார்க்கலையே... பிளக்கைப் பிடுங்கி எடுத்துட்டு வந்துட்டேன்.”

மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கும் எந்தச் சின்னக் கடையிலும் கேட்கக்கூடிய பேச்சு இது. பிளக்கைப் பிடுங்கிய அந்த நொடியில் அடுப்பு எழுதிக் காட்டிய ஒரே துப்பும் அழிந்துபோகிறது. மெக்கானிக் இனி எல்லாவற்றையும் முதலிலிருந்து தேட வேண்டும். தேட நேரமில்லாத இடத்தில், “போர்டு போயிடுச்சு, மாத்தணும்” என்ற ஒரே பதில்தான் வரும். பல நேரங்களில் புது அடுப்பு வாங்குவதே மேல் என்ற கணக்கில் அது கொண்டுபோய் விடும்.

இண்டக்ஷன் ஸ்டவ் ஒவ்வொன்றிலும் விரல்நகம் அளவில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் சிப் இருக்கிறது. சமையல் நடக்கும் நேரம் முழுக்க அது நான்கு கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கும். மேலே பாத்திரம் இருக்கிறதா? கரண்ட் சரியான அளவில் வருகிறதா? கண்ணாடித் தட்டின் சூடு எல்லைக்குள் இருக்கிறதா? என் உடம்புச் சூடு எப்படி இருக்கிறது? இதில் ஒன்றுக்கு விடை பிசகினாலும் வேலையை நிறுத்திவிட்டு, பிசகியது எந்தக் கேள்வி என்பதை ஓர் எண்ணாக எழுதிக் காட்டும். அதுதான் எரர் கோடு.

இதில் ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கோடு என்பது சாட்சி சொல்லும் வாக்குமூலம், நீதிபதி எழுதும் தீர்ப்பு அல்ல. “சூடு அதிகமாகிவிட்டது” என்று அடுப்பு சொன்னால், சூட்டை அது பார்த்தது என்றுதான் அர்த்தம். ஃபேன் ஓடவில்லையா, சென்சார் பொய் சொல்கிறதா, அடியில் விரித்த பேப்பர் காற்றை அடைத்துக்கொண்டதா என்பதை நாம்தான் விசாரிக்க வேண்டும்.

பாத்திரம் எங்கே?

அடிக்கடி வரும் கோடு, பாத்திரம் இல்லை என்று சொல்லும் கோடுதான். பாத்திரம் கண்ணெதிரே இருக்கும்போதே அது வருவதால் எரிச்சலும் அதிகம்.

காரணம் புரிய அடுப்பின் அடிப்படையைப் பார்க்க வேண்டும். மாறும் காந்தப்புலம் பக்கத்தில் உள்ள உலோகத்தில் மின்சாரத்தைத் தூண்டும் என்று மைக்கேல் ஃபாரடே 1831-ல் காட்டினார். அந்தத் தத்துவம் அடுப்பாக மாற நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. 1950-களில் ஜெனரல் மோட்டார்ஸின் ஃப்ரிஜிடேர் பிரிவு அமெரிக்காவில் ஊர் ஊராகக் கண்காட்சி நடத்தி, அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் நடுவே செய்தித்தாளை வைத்துத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் காட்டியது. பேப்பர் கருகவில்லை. 1970-களில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் வீட்டுக்கான இண்டக்ஷன் அடுப்பைச் செய்தது.

கண்ணாடிக்குக் கீழே தட்டையாகச் சுற்றிய செம்புக் காயில் இருக்கிறது. அதில் நொடிக்கு 20,000 தடவைக்கு மேல் திசை மாறும் மின்சாரம் ஓடும். பாத்திரத்தின் அடிப்பாகத்தில் சுழல் மின்சாரம் கிளம்பி, அடிப்பாகமே சூடாகும். அதாவது இங்கே பாத்திரம் அடுப்பின் மேல் வைக்கும் பொருள் மட்டுமல்ல, அடுப்பின் ஒரு பாகம். அது பொருந்தாவிட்டால் அடுப்பே கிடையாது.

பாத்திரம் இருக்கிறதா என்று அடுப்பு கண்டுபிடிக்கும் விதம் அழகானது. காயிலுக்குச் சின்னதாக ஒரு துடிப்பை அனுப்பிவிட்டுக் கவனிக்கும். கோயில் மணியைத் தட்டினால் ரீங்காரம் நீளும். மணியின் மேல் ஈரத்துணியைப் போர்த்திவிட்டுத் தட்டினால் சட்டென்று அடங்கும். இரும்புப் பாத்திரம் மேலே இருந்தால் துடிப்பின் சக்தியை அது விழுங்கிவிடும், ரீங்காரம் அடங்கிவிடும். ரீங்காரம் நீண்டால் மேலே ஆள் இல்லை.

அலுமினியக் குண்டானும் பித்தளைச் செம்பும் கல்சட்டியும் இந்தச் சோதனையில் தேறாது. எவர்சில்வரிலும் எல்லாம் தேறாது. நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரங்களில் பல காந்தம் ஒட்டாத ரகம். ‘இண்டக்ஷன் பாட்டம்’ என்று விற்கும் பாத்திரங்களில் காந்தம் ஒட்டும் தகட்டை அடியில் சேர்த்து அழுத்தியிருப்பார்கள். பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் பொம்மைக் காந்தத்தை எடுத்துப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள். கப்பென்று பிடித்தால் ஓகே. தயங்கித் தயங்கிப் பிடித்தால் அடுப்பும் தயங்கித்தான் எரியும்.

அளவும் முக்கியம். அடிப்பாகம் சுமார் 12 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் பெரும்பாலான அடுப்புகள் அதைப் பாத்திரமாகவே கணக்கில் எடுப்பதில்லை. தவறி வைத்த கரண்டியையும் கத்தியையும் சூடாக்கிவிடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே வைத்த எல்லை இது. இரும்புத் தாளிப்புக் கரண்டியை வைத்துவிட்டு “அடுப்பு ரிப்பேர்” என்று முடிவுகட்டும் வீடுகளில், அடுப்பு தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது.

குற்றம் சுவரில் இருக்கலாம்

இரண்டாவது வகைக் கோடு மின்னழுத்தம் பற்றியது. நம் வீடுகளுக்கு வர வேண்டிய அளவு 230 வோல்ட். அது மிகவும் தாழ்ந்தாலும் உயர்ந்தாலும் அடுப்பு நின்றுவிடும்.

‘லோ வோல்ட்டேஜ்’ கோடு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அடுப்பை அல்ல, பிளக்கை. 2,000 வாட் அடுப்பு முழு வேகத்தில் ஓடும்போது ஒன்பது ஆம்பியருக்குச் சற்றே குறைவாக மின்சாரம் இழுக்கும். அதை டிவிக்கும் செல்போன் சார்ஜருக்கும் போட்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் என்ன ஆகும்? மெல்லிய ஒயர் சூடாகும், தளர்ந்த பின்கள் கருகும், வழியிலேயே வோல்ட்டேஜ் விழும். வாசலில் 220 இருந்தாலும் அடுப்புக்கு வந்து சேர்வது அதைவிடக் குறைவு. சமைத்து முடித்ததும் பிளக்கின் தலையைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் சாட்சி சொன்னது உண்மை, குற்றவாளி சுவரில் இருக்கிறான். இந்த அடுப்புக்கு உரிய இடம் 16 ஆம்பியர் பவர் பிளக் மட்டுமே.

எல்லா வீடுகளிலும் பிளக்கே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. டிரான்ஸ்பார்மரிலிருந்து தூரத்தில் இருக்கும் கடைசி வீடுகளில், மோட்டார்கள் ஓடும் நேரத்திலும் மாலை நேரத்திலும் வோல்ட்டேஜ் தானாகவே இறங்கும். தினமும் ஒரே நேரத்தில் கோடு வந்தால் நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு மின்வாரியத்திடம் புகார் செய்வதுதான் வழி.

‘ஹை வோல்ட்டேஜ்’ கோடு இன்னும் தீவிரமானது. “நியூட்ரல் கட் ஆயிடுச்சு, டிவி, பிரிட்ஜ் எல்லாம் போச்சு” என்று தெருவே புலம்பும் சம்பவத்தைக் கேள்விப்பட்டிருப்போம். மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் கம்பி அறுந்தால், இரண்டு ஃபேஸுக்கு இடையில் உள்ள 400 வோல்ட்டை வீடுகள் தாறுமாறாகப் பங்கிட்டுக்கொள்ளும். எந்தப் பக்கம் லோடு குறைவோ அந்தப் பக்கத்துக்கு வோல்ட்டேஜ் எகிறும். அப்படியொரு நேரத்தில் அடுப்பு ஹை வோல்ட்டேஜ் என்று காட்டினால், அது வீடு முழுவதற்குமான எச்சரிக்கை. அடுப்பை ஆஃப் செய்து ஆன் செய்து சோதித்துக்கொண்டிருக்காமல் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, மின்வாரியத்தின் ‘மின்னகம்’ எண்ணான 94987 94987-ஐ அழைக்க வேண்டும்.

மிளகளவு சென்சார்

அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது மூன்றாவது வகை. இதில் ‘சென்சார்’ என்ற வார்த்தை வரும். அதை வைத்துப் பலரும் பயமுறுத்துவார்கள்.

காயிலின் நட்டநடுவில், கண்ணாடியின் அடிப்பக்கத்தைத் தொட்டபடி மிளகளவுக்கும் சிறிதாக ஒரு மணி இருக்கும். அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு பசை. மணியிலிருந்து இரண்டு மெல்லிய ஒயர்கள் போர்டுக்குப் போகும். இதுதான் தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும். பல அடுப்புகளில் இருப்பது 25 டிகிரியில் 100 கிலோ ஓம் காட்டும் ரகம். வெயில் காலத்துப் பகலில் மல்ட்டிமீட்டரை வைத்தால் எழுபது, எண்பது என்று காட்டும். அது பழுது இல்லை, ஊரின் வெயில். தண்ணீர் கொதிக்கும் சூட்டில் அதே மணி ஏழு கிலோ ஓம் அளவுக்கு இறங்கிவிடும். விரல்களுக்கிடையே அதைப் பிடித்துக்கொண்டால் மீட்டரில் எண் மெல்ல மெல்ல இறங்குவதைப் பார்க்கலாம். இறங்கினால் மணி உயிரோடு இருக்கிறது.

இதன் ஒயர் அறுந்துவிட்டால் தடை எல்லையில்லாமல் போகும். சிப்புக்கு அது இமயமலைக் குளிரைவிட மோசமான குளிராகத் தெரியும். உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் தடை பூஜ்யத்துக்கு வரும், உலைக்களச் சூடாகத் தெரியும். இரண்டும் சமையலறையில் நடக்க வாய்ப்பில்லாதவை என்பது சிப்புக்குத் தெரியும். அதனால்தான் “சென்சார் ஓப்பன்”, “சென்சார் ஷார்ட்” என்று தனித்தனிக் கோடுகள் வைத்திருக்கிறார்கள். “சூடு அதிகம்” என்பது வேறொரு கோடு. அதில் சென்சார் நல்லபடியாக இருந்து, உண்மையைத்தான் சொல்கிறது. கோடு எது என்று பார்க்காமல் இரண்டுக்கும் சென்சாரை மாற்றுவது, காய்ச்சல் காட்டியதற்காகத் தெர்மாமீட்டரை உடைப்பதுபோல.

அதோடு, சென்சார் ஒன்றல்ல, இரண்டு. கண்ணாடிக்கு அடியில் ஒன்று. உள்ளே ஐஜிபிடி என்ற பாகம் பொருந்தியிருக்கும் அலுமினிய ஹீட் சிங்க்கை ஒட்டி இன்னொன்று. முதலாவது பாத்திரத்தின் சூட்டைக் கவனிக்கிறது. பால் சுண்டிப்போய் வெறும் பாத்திரம் காய்ந்தால் கத்துவது இதுதான். தோசைக்கல்லை விடாமல் முழு வேகத்தில் போட்டாலும் கத்தும். இரண்டாவது அடுப்பின் உடம்புச் சூட்டைக் கவனிக்கிறது. இது கத்தினால் அடுப்பைத் தூக்கி அடியைப் பார்க்க வேண்டும்.

அடியில் ஒரு ஃபேன் கீழிருந்து காற்றை உறிஞ்சி உள்ளே அனுப்பிக்கொண்டிருக்கும். மேடை அழுக்காகாமல் இருக்கட்டும் என்று பலரும் அடுப்புக்குக் கீழே நியூஸ் பேப்பரையோ பிளாஸ்டிக் ஷீட்டையோ விரிக்கிறார்கள். ஃபேன் சுழன்றதும் பேப்பர் மேலே எழும்பி வாயை அடைத்துக்கொள்கிறது. ஐந்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு கோடு காட்டி நிற்கும் அடுப்புகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். அடுத்தது, கேஸ் ஸ்டவ்வின் பக்கத்திலேயே வைப்பது. எரியும் பர்னரின் சூட்டுக் காற்றையே உறிஞ்சினால் ஃபேன் எதைக் குளிரவைக்கும்? மூன்றாவது, தாளிப்பின் எண்ணெய்ப் புகையும் தூசும் சேர்ந்து ஃபேன் இறக்கைகளில் படியும் பிசுக்கு.

நான்காவதாக ஒரு விருந்தாளியும் உண்டு. வெதுவெதுப்பான இருட்டைத் தேடி இரவில் அடியிலுள்ள துளைகள் வழியே உள்ளே போகும் கரப்பான்பூச்சி. போர்டின் மேல் அது ஓடினாலும், செத்துக் கிடந்தாலும், எச்சமிட்டாலும் அருகருகே இருக்கும் இணைப்புகள் சேர்ந்துகொள்ளும். சம்பந்தமே இல்லாத கோடுகள் மாறி மாறி வருவதற்கும், யாரும் தொடாமலே பட்டன் அமுங்குவதற்கும் இதுவும் ஒரு காரணம். பொங்கி வழிந்த சாம்பார் கண்ணாடியின் ஓரத்தில் கசிந்து டச் பேனலுக்குள் இறங்கினாலும் அதே கதைதான்.

சமையல் முடிந்ததும் சுவர் சுவிட்சைத் தட்டி அணைக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். அடுப்பை அதன் பட்டனில் நிறுத்தியபின் ஃபேன் இன்னும் ஒரு நிமிடம் ஓடும். உள்ளே தேங்கிய சூடு வெளியேறும் நேரம் அது. சிக்கனம் என்று நினைத்து அதை வெட்டுகிறவர்கள் போர்டின் ஆயுளைத்தான் வெட்டுகிறார்கள்.

சென்னையில் பிறந்தவரின் கண்டுபிடிப்பு

கோடு காட்டும் அடுப்பு செத்த அடுப்பு அல்ல. டிஸ்பிளே எரிகிறது, சிப் யோசிக்கிறது, அதற்குச் சோறு போடும் 5 வோல்ட் சப்ளை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பாதிக்கு மேல் உயிரோடு இருக்கும் அடுப்பு அது. ஒரு எழுத்தும் காட்டாமல், ‘பீப்’ கூட இல்லாமல் கிடப்பதுதான் பெரிய பழுது. அப்போது பெரும்பாலும் உள்ளே ஃபியூஸ் போயிருக்கும். ஃபியூஸைக் கொன்றது பெரும்பாலும் ஐஜிபிடியாக இருக்கும்.

ஐஜிபிடி, மூன்று கால்கள் கொண்ட கறுப்பு வில்லை. வீட்டுக்கு வரும் மின்சாரத்தை நொடிக்கு 20,000 தடவைக்கு மேல் வெட்டி வெட்டிக் காயிலுக்கு அனுப்பும் சுவிட்ச் அதுதான். அதை உருவாக்கியவர் 1948-ல் சென்னையில் பிறந்த பி.ஜெயந்த் பாலிகா. 1969-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் மின் பொறியியல் பட்டம் பெற்று அமெரிக்கா போனவர். 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் இந்தச் சாதனத்தை வடிவமைத்தார். மோட்டார்களின் வேகத்தைச் சிக்கனமாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதே அன்றைய தேவை. இன்று மின்சார ரயிலிலும் மின்சாரக் காரிலும் சோலார் இன்வெர்ட்டரிலும் அது இருக்கிறது. பாலிகாவுக்கு அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கமும், 2024-ல் பின்லாந்தின் மில்லினியம் தொழில்நுட்பப் பரிசும் கிடைத்தன. உலகமே கொண்டாடும் அந்தப் பாகம் நம் சமையல் மேடையிலும் தினமும் காபிக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருக்கிறது.

சென்னை மவுன்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட்டில் உதிரிப் பாகமாக இது எளிதில் கிடைக்கும். ஆனால், புது ஐஜிபிடியை மாட்டியதும் அது ‘டப்’பென்று வெடித்தால்? அந்தப் பாகம் தானாகச் சாவது அபூர்வம். காயிலோடு சேர்ந்து வேலை செய்யும் 0.3 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வயதாகி அளவு குறைந்திருக்கலாம். டிரைவர் பகுதி கோளாறாகியிருக்கலாம். ஃபேன் நின்றுபோய் வெந்திருக்கலாம். காரணத்தை விட்டுவிட்டு விளைவை மட்டும் மாற்றினால் இரண்டு நாளில் அதே அடுப்பு அதே கடைக்குத் திரும்பி வரும்.

நல்ல மெக்கானிக்கை அடையாளம் காண ஒரு வழி, அவர் மேஜையில் சீரிஸ் போர்டு இருக்கிறதா என்று பார்ப்பது. ஒரு மரப்பலகை, ஒரு ஹோல்டர், 100 வாட் குண்டு பல்ப், ஒரு சாக்கெட். வீடுகளை விட்டு எப்போதோ போய்விட்ட குண்டு பல்ப் சர்வீஸ் கடைகளில் இன்னும் வேலை பார்ப்பது இதற்காகத்தான். பழுது பார்த்த அடுப்பை நேரடியாக லைனில் போடாமல் பல்ப் வழியாகக் கரண்ட் கொடுப்பார்கள். உள்ளே இன்னும் ஷார்ட் இருந்தால் பல்ப் பளிச்சென்று எரியும். மொத்த மின்சாரத்தையும் பல்ப் தாங்கிக்கொள்வதால் புதுப் பாகம் தப்பிக்கும். ஒருமுறை மின்னிவிட்டு மங்கினால் அடுப்பு நேரடி லைனுக்குத் தயார்.

இந்த வேலையை வீட்டில் முயல வேண்டாம். உள்ளே உள்ள கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் நிற்கும். பிளக்கைப் பிடுங்கியபிறகும் சற்று நேரம் அது மிச்சமிருக்கலாம். பிளக் செருகியிருக்கும்போது போர்டின் எந்த இடத்தைத் தொட்டாலும் மெயின்ஸைத் தொட்டதாகத்தான் கணக்கு. கண்ணாடியில் கீறல் விழுந்த அடுப்பையும் உடனே நிறுத்திவிட வேண்டும். வழியும் தண்ணீர் நேராக மின்சாரத்தில் போய் இறங்கும்.

ஆளுக்கொரு அகராதி

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகும் ஒரு சுவர் குறுக்கே நிற்கிறது. எந்த எண்ணுக்கு எது அர்த்தம்?

ஒரு கம்பெனி அடுப்பில் இ-1 என்றால் பாத்திரம் இல்லை. வேறொன்றில் அதே இ-1 லோ வோல்ட்டேஜ். மற்றொன்றில் சென்சார் அறுந்துவிட்டது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களிலேயே பட்டியல் மாறுவதும் உண்டு. பட்டியல் இருப்பது கையேட்டின் கடைசிப் பக்கங்களில், பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும். கையேடு இருப்பது பரணில், அட்டைப்பெட்டிக்குள். பல வீடுகளில் பெட்டியே பழைய பேப்பர்காரரிடம் போயிருக்கும்.

இது நம் ஊர் சின்ன அடுப்புக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டுக்கு வீடு ‘ரேஞ்ச்’ என்ற பெரிய அடுப்பு நிற்கும். மேலே நான்கு பர்னர், கீழே ஓவன், 240 வோல்ட் தனி இணைப்பு. டொரண்டோ ஸ்கார்பரோவில் தோசை சுடும் ஈழத்தமிழர் வீடுகளிலும் அதுதான். அதன் ஓவனில் சூட்டை அளப்பது பிளாட்டினம் சென்சார். நம் தெர்மிஸ்டருக்கு நேர்மாறாக, சூடு ஏறினால் இதன் தடையும் ஏறும். அறை வெப்பத்தில் சுமார் 1,080 ஓம், கேக் வேகும் 350 டிகிரி பாரன்ஹீட்டில் 1,650 ஓம் அளவில் இருக்கும். ஒரு மீட்டர் இருந்தால் இரண்டே நிமிடத்தில் சோதித்துவிடலாம். ஆனால் அந்த ஒரே பழுதுக்கு எத்தனை பெயர்கள்! சென்சார் அறுந்துவிட்டது என்பதை ஜி.இ. ரேஞ்சுகளில் பல எஃப்-3 என்று எழுதும். ஃப்ரிஜிடேரில் பல எஃப்-30 என்று எழுதும். வேர்ல்பூல், எஃப்-3 இ-0 என்று நான்கு எழுத்தில் எழுதும்.

அங்கேயும் சாட்சியையே குற்றவாளியாக்கும் வழக்கம் உண்டு. ஓவனைத் தானாகச் சுத்தம் செய்யும் ‘செல்ஃப் கிளீன்’ வசதி, உள்ளே சுமார் 900 டிகிரி பாரன்ஹீட் வரை சூட்டை ஏற்றி அழுக்கைச் சாம்பலாக்கும். கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். அந்தச் சூட்டில் கதவுப் பூட்டு இறுகி எஃப்-9 அல்லது எஃப்-90 வந்தால், கன்ட்ரோல் போர்டைச் சந்தேகிப்பார்கள். கோளாறு பூட்டின் சின்ன மோட்டாரிலோ சுவிட்சிலோ இருக்கும். பண்டிகைக்கு முந்தின நாள் செல்ஃப் கிளீன் போடாதீர்கள் என்று அந்த ஊர் மெக்கானிக்குகள் சொல்வதற்கு இதுதான் காரணம்.

கார் கற்றுக்கொண்டதை அடுப்பு கற்காதா?

இதே குழப்பம் ஒரு காலத்தில் கார்களிலும் இருந்தது. ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு கோடு, தனக்கென்று ஒரு கருவி வைத்திருந்தது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு புதிய காரிலும் ஓ.பி.டி-2 என்ற பொதுமுறை கட்டாயமானது. பி-0301 என்றால் எந்தக் கம்பெனி காராக இருந்தாலும் முதல் சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். இந்தியாவிலும் 2020 ஏப்ரலில் பி.எஸ்-6 விதிகள் வந்தபோது இந்தக் கண்காணிப்பு இன்னும் இறுக்கமானது. சின்ன ஊர் ஒர்க் ஷாப்பில்கூட இன்று ஸ்கேனரை மாட்டிக் கோடு படிக்கிறார்கள். அப்போதும் நல்ல மெக்கானிக் பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா என்று விசாரித்துத்தான் பாகத்தை மாற்றுவார். பொதுவான கோடு விசாரணைக்கு மாற்று ஆகாது. ஆனால், எல்லாருக்கும் விசாரணையைத் தொடங்க ஒரே இடத்தைத் தரும்.

புகையைக் கட்டுப்படுத்த அரசு சட்டம் போட்டதால் காருக்கு அது வாய்த்தது. அடுப்புக்காக யாரும் அப்படிக் கேட்கவில்லை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ‘பழுது நீக்கும் உரிமை’க்காக ஒரு குழுவை அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்போன் உள்ளிட்ட மின்னணுப் பொருட்கள், வாகனங்கள் ஆகியவற்றோடு வீட்டு உபயோக சாதனங்களையும் அது கணக்கில் எடுத்தது. அந்த ஆண்டு இறுதியில் அதற்கென ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. தன் பொருளைத் தான் விரும்பிய இடத்தில் பழுதுபார்க்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பது அதன் அடிப்படை. அந்த உரிமையின் முதல் படி, பொருள் சொல்வதைப் புரிந்துகொள்வது. இ-3 என்றால் என்னவென்று தெரியாதவருக்கு மற்ற உரிமைகள் எதற்கு உதவும்?

பொதுவான கோடு வரும்வரை ஒவ்வொரு வீட்டிலும் செய்யக்கூடியவை சில உண்டு. கோடு வந்ததும் எதையும் அணைப்பதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுங்கள். ஹை வோல்ட்டேஜ் என்று சந்தேகம் இருந்தால் மட்டும் படம்கூட வேண்டாம், முதலில் மெயினை இறக்குங்கள். எப்போது வந்தது என்று கவனியுங்கள்: ஆன் செய்ததுமா, ஐந்து நிமிடம் கழித்தா, மாலையில் மட்டுமா? ஆன் செய்ததும் என்றால் பாத்திரம், சென்சார், வோல்ட்டேஜ். சற்று ஓடியபின் என்றால் சூடு, ஃபேன். ஒரே நேரத்தில் தினமும் என்றால் லைன். பிளக்கை எடுத்துப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். காந்தம் ஒட்டும், அடி தட்டையான, பெரிய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, பவர் பிளக்கில் செருகிச் சோதியுங்கள். அடியில் விரித்ததை அகற்றி, ஃபேன் சுழலும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுங்கள். இத்தனைக்குப் பிறகும் அதே கோடு வந்தால், எடுத்த படத்தோடு கடைக்குப் போங்கள். “போர்டு போயிடுச்சு” என்ற பதில் வந்தால், “இந்தக் கோடுக்கு என்ன அர்த்தம், எந்தப் பாகத்தைச் சோதித்தீர்கள்?” என்று கேளுங்கள். வாரண்டி காலத்தில் அதற்கும் சரியான பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. தமிழிலேயே பேசலாம்.

அடுப்பு செய்யும் நிறுவனங்களிடம் தமிழ்நாட்டுச் சமையலறைகள் கேட்க வேண்டியது பெரிய விஷயமில்லை. பொதுவான கோடு வர நாளாகலாம். அதற்கு முன்னால், கோடுகளின் பொருளை அடுப்பின் மேலேயே தமிழில் அச்சடித்துக் கொடுக்கலாம். விற்கும்போது தமிழில் விளம்பரம் செய்கிறவர்கள், பழுதாகும்போதும் தமிழில் சொல்ல வேண்டும். வோல்ட், வாட், மாடல் எண் எழுதிய ஸ்டிக்கர் ஒன்று ஒவ்வொரு அடுப்பின் அடியிலும் இப்போதே இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஆறு வரிக்கு இடமும் இருக்கிறது.